வீல் நட்டை எதால் முடுக்குவது? ஸ்பானர், கன், டார்க் ரெஞ்ச்: ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு அக்கா என் ஒர்க் ஷாப்பில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பள்ளிக்கூட டீச்சர். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் வழியில் டயர் பஞ்சர் ஆகியிருக்கிறது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, காரோடு வந்த எல் ஸ்பானரும் இருந்தது. நட்டுதான் அசையவே இல்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றும் பார்த்திருக்கிறார். கடைசியில் அந்தப் பக்கம் வந்த லாரிக்காரர் ஒருவர் ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டி நெம்பிக் கொடுத்திருக்கிறார். மூன்று நட்டு கழன்றது. நான்காவது, ஸ்டட்டோடு (நட்டு ஏறும் மரைத் தண்டு) உடைந்து கையில் வந்துவிட்டது.

இரண்டு வாரம் முன்புதான் ஒரு டயர் கடையில் புது டயர் போட்டாராம். "கன்னால அஞ்சு செகண்ட் விடாம அடிச்சாங்கண்ணா, நல்லா டைட்டா இருக்கட்டும்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார். அப்புறம் கேட்டார்: "நானே ஒரு பேட்டரி கன் வாங்கி டிக்கியில வச்சுக்கட்டுமா? இல்ல டார்க் ரெஞ்ச்னு சொல்றாங்களே, அது வேணுமா?"

இதே கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, புதிதாக ஒர்க் ஷாப் போடும் பையன்களும் கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால் எழுதுகிறேன். கன் என்பது நட்டை அடித்துத் திருகும் துப்பாக்கி வடிவக் கருவி. டார்க் ரெஞ்ச் என்பது திருகும் விசையை அளந்து முடுக்கும் ஸ்பானர்.

அந்தச் சக்கரத்தில் உடையாமல் மிஞ்சிய ஸ்டட் ஒன்றில் புது நட்டைப் போட்டு விரலால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடியை நெருங்கும்போது பிடித்துக்கொண்டது. மரை அழிந்திருக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் தண்டு லேசாக ஒடுங்கி, மரைக்கும் மரைக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அகன்றிருந்தது. இரும்பு இழுபட்டுவிட்டது. மற்ற மரைகளில் சரியாக உட்காரும் நட்டு அங்கே மட்டும் உட்காராது. அந்தச் சக்கரத்தின் நான்கு ஸ்டட்டையும் மாற்றிக் கொடுத்தேன்.

ஸ்டட்டோ போல்ட்டோ, அது ஒரு ஸ்பிரிங் மாதிரி. முடுக்கும்போது அது நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அழுத்திப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 103 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) முடுக்கினால், மரை காய்ந்து சுத்தமாக இருக்கும் பட்சத்தில், ஒவ்வொரு நட்டும் சுமார் 4 டன் விசையோடு சக்கரத்தைப் பிடித்திருக்கும். அதற்கு மேல் போகப் போக, ஒரு கட்டத்தில் இரும்பு திரும்பிச் சுருங்கும் குணத்தை இழந்துவிடும். ஆகவே அளவு மீறி முடுக்கிய நட்டு கூடுதல் பத்திரம் கிடையாது. ஸ்டட்டின் ஆயுள்தான் குறைகிறது.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, எவ்வளவு முடுக்கினோம் என்பது நமக்குத் தெரிகிறதா. கார்களில் இந்த அளவு பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். டொயோட்டா கார்கள் பலவற்றில் 103, ஹோண்டாவில் பலவற்றில் 108. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதோடு வந்த கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, எல்லா நட்டும் ஒரே அளவா. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நட்டு 90, பக்கத்து நட்டு 220 என்று இருந்தால் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் பிரேக் டிஸ்க் ஒரு பக்கமாக இழுபடும். உடனே தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், மலையிறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கும். வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த வண்டிகளில் இந்தப் புகாரை நான் அடிக்கடி கேட்கிறேன். டிஸ்க்கைக் கடைந்து கொடுக்கச் சொல்வார்கள். காரணம் டிஸ்க்கில் மட்டும் இல்லை என்றால் கடைந்தும் திரும்ப வரும்.

மூன்றாவது, முடுக்கியதை நடுவழியில் டிக்கியில் இருக்கும் ஸ்பானரால் கழற்ற முடியுமா. நான்காவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவு. ஐந்தாவது நம் உடம்பு: கை, காது, கண்.

எல் ஸ்பானரும் கிராஸ் ஸ்பானரும்

செலவே இல்லாத வழி. ஒன்று காரோடு வந்துவிடுகிறது. "கையால் போட்டால் மிஞ்சிப்போகாது" என்ற நம்பிக்கை மட்டும் தப்பு. 70 கிலோ ஆள் 30 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. தேவையைப் போல இரண்டு மடங்கு. பைப் மாட்டினால் கணக்கே கிடையாது. மறுபுறம், மெலிந்த கை உள்ளவர் உட்கார்ந்து இழுத்தால் 60ஐத் தாண்டாமலும் போகலாம். அதுவும் ஆபத்துதான்.

இதையே அளவோடு செய்ய ஒரு வழி உண்டு. மூட்டை தூக்கிப் பார்க்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசை ஸ்பானர் நுனியில் மாட்டி இழுங்கள். நட்டின் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஸ்பானருக்குச் செங்குத்தாக, தராசு 35 கிலோ காட்டும்வரை இழுத்தால் அது 103 நியூட்டன் மீட்டர். ஊரில் வேறு கருவி கிடைக்காத இடத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், அவசரத்துக்கு நன்றாகவே கைகொடுத்தது.

கிராஸ் ஸ்பானரில் இரண்டு கையும் சமமாக வேலை செய்வதால் ஸ்பானர் நட்டிலிருந்து நழுவுவது குறைவு. கழற்ற எல் ஸ்பானரைவிட இது மேல்.

ஏர் கன்

டயர் கடையில் "டர்ர்ர்" என்று கேட்பது இதுதான். உள்ளே ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி வந்து தண்டை அடிக்கிறது. ஒரே சீராகத் திருகுவதில்லை, அடி அடியாகத் தள்ளுகிறது. கையில் உதை குறைவாகவும் நட்டில் விசை அதிகமாகவும் இருப்பது இதனால்தான். கன் விசையை அளப்பது கிடையாது. டிரிக்கரை விடும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியில் நட்டில் எவ்வளவு ஏறியது என்பதைக் காற்றழுத்தம், ஹோஸின் நீளம், நட்டின் மேல் மாட்டும் சாக்கெட், நடுவில் போட்ட எக்ஸ்டென்ஷன் கம்பி, மரையில் துருவா எண்ணெயா, டிரிக்கர் எத்தனை விநாடி அழுத்தியிருந்தது, இத்தனையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்தக் கன்கள் பெரும்பாலும் 90 பிஎஸ்ஐ காற்றுக்கு வடிவமைக்கப்பட்டவை. லாரி டயருக்கும் காற்றடிக்கும் கடையில் கம்ப்ரஸர் 120க்கு மேல் நிற்கும். நடுவில் ரெகுலேட்டர் இல்லையென்றால் அத்தனையும் கன்னுக்குள் வருகிறது. லாரியின் 22 மி.மீ. ஸ்டட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதற்கென்று வைத்திருக்கும் பெரிய கன்னை அவசரத்தில் காருக்கும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது சக்கரம் கழற்றும் கடைக்கு ஏர் கன் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கம்ப்ரஸர் ஏற்கெனவே ஓடுகிறது, பேட்டரி தீரும் கவலை இல்லை, சூட்டையும் தாங்கும். செலவில் ரெகுலேட்டரையும், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் சில சொட்டு ஏர் டூல் எண்ணெய் விட வேண்டும்.

உடம்பு விஷயத்தில் இது கடினமான கருவி. சத்தம் 100 டெசிபெல்லை நெருங்கும். நாள் முழுக்கப் பிடித்திருக்கும் கைக்கு அதிர்வு போய்க்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்படி வேலை செய்தவர்களுக்கு விரல் மரத்துப்போய், குளிரில் வெளுத்துவிடும். காதடைப்பான் வாங்கிக் கொடுக்காமல் பையன் கையில் கன்னைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி கன்

வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பெட்டியில் 400, 600 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பல சமயம் கழற்றும் விசை. முடுக்கும் விசை அதைவிடக் குறைவாக, சின்ன எழுத்தில் இருக்கும். காரின் வீல் நட்டுக்கு 300 இருந்தாலே தாராளம். ஏற்கெனவே யாரோ மிஞ்சி முடுக்கிய நட்டைக் கழற்றத்தான் கூடுதல் பலம் தேவைப்படும்.

1, 2, 3 என்று மோடு இருக்கிறதே, 1இல் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மோடு 1 அடியின் வேகத்தையும் பலத்தையும் குறைக்கிறது, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டே இருந்தால் அதுவும் ஏறிக்கொண்டேதான் போகும். பேட்டரி முழுதாக இருக்கும்போது ஓர் அளவு, தீரப்போகும்போது வேறு அளவு. சில கன்களில் நட்டு முட்டி அடி தொடங்கியதும் தானாக நிற்கும் வசதி உண்டு. வாங்குவதென்றால் அது இருக்கிற மாதிரி பாருங்கள். அதுவும் அளக்காது, ஆனால் நாலு நட்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கையை எடுக்க வைக்கும்.

மறைவான செலவு சாக்கெட்டில் தொடங்குகிறது. வீட்டில் இருக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட்டைக் கன்னில் மாட்டவே கூடாது. அது கையால் திருகச் செய்த, கடினமான இரும்பு. அடி வாங்கினால் வெடித்துச் சிதறும். கறுப்பாக, சுவர் தடிமனாக வரும் இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்க வேண்டும். ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையைத் தின்றுவிடும். அலாய் வீல் என்றால் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சாக்கெட் வேண்டும், இல்லையென்றால் துளைச் சுவரெல்லாம் கீறல் விழும்.

இன்னொன்று பேட்டரி. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். வருடத்துக்கு ஒரு பஞ்சருக்காக வைத்திருந்து, அந்த ஒரு நாளில் சார்ஜ் இல்லாமல் போனவரை எனக்குத் தெரியும். பேட்டரியை வீட்டுக்குள் வைத்து, வெளியூர் கிளம்பும்போது எடுத்துப் போகிற பழக்கம் உங்களுக்கு வருமா என்று முதலில் பாருங்கள்.

மணிக்கட்டு வலி, தோள் வலி உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது பெரிய உதவி. இறுகிய நட்டோடு ரோட்டோரத்தில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கழற்றுவதற்கு இதைத் தயங்காமல் வாங்கலாம் என்று நான் சொல்வேன்.

கன் போகக் கூடாத இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக், சிலிண்டர் ஹெட், அலுமினியத்தில் நேராக ஏறும் எந்த போல்ட்டும். டிரெயின் போல்ட் பல கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். கன் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும். அலுமினிய சம்ப்பின் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) மரை உரிந்தால், மிச்சப்படுத்திய இரண்டு நிமிடத்துக்காகச் சம்ப்பையே மாற்ற வேண்டி வரலாம்.

டார்க் ஸ்டிக்

கன்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் கம்பி. வண்ணம் வண்ணமாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. அந்த அளவு வந்ததும் கம்பி முறுகி முறுகி மீண்டு, மேற்கொண்டு வரும் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். வேகமாக வேலை ஓடும் கடைக்கு நல்ல கருவி. ஆனால் அது குறிப்பிட்ட பலமுள்ள கன்னை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் கன் அதைவிடப் பலமாக இருந்தாலும், விடாமல் அடித்தாலும் அளவு மேலே போகும். 103 வேண்டும் என்றால் 90 போன்ற ஒரு ஸ்டிக்கைப் போட்டு, மிச்சத்தை டார்க் ரெஞ்சில் முடிப்பது சரியான முறை. ஒரு கார் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை.

டார்க் ரெஞ்ச்

இந்த வரிசையில் அளக்கத் தெரிந்த கருவி இது ஒன்றுதான். அளவை வைத்து இழுத்தால், அந்த அளவு வந்ததும் "டிக்" என்று கையில் ஒரு தட்டு தட்டும். ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி வரும் ரெஞ்ச் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். காருக்கு, சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை இஞ்ச், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ளது பொருத்தம். அளவின் அடிமட்டத்தில் துல்லியம் குறையும் என்பதால் ஸ்பார்க் பிளக்குக்கெல்லாம் இதே ரெஞ்ச் ஆகாது.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பல கடைகளில் கன்னால் முழுக்க அடித்துவிட்டு, நம் கண் முன்னால் டார்க் ரெஞ்சைப் போட்டு நாலு "டிக்" கேட்க வைக்கிறார்கள். நட்டு ஏற்கெனவே 250இல் இருந்தாலும் 103இல் வைத்த ரெஞ்ச் "டிக்" என்றுதான் சொல்லும். அந்தச் சத்தத்துக்கு "குறைந்தது இவ்வளவு இருக்கிறது" என்று மட்டும்தான் பொருள். ஆகவே காதை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். "டிக்" வருவதற்கு முன் நட்டு கொஞ்சமாவது திரும்ப வேண்டும். திரும்பவே இல்லை என்றால் அந்த நட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

இதற்கும் பராமரிப்புச் செலவு உண்டு. கீழே போட்டால் அளவு தவறும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒர்க் ஷாப் என்றால் வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 5,000 இழுப்புக்கு ஒரு முறை காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்ய வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் விலையை மட்டும் பார்க்காதீர்கள்.

| | அளவு தெரியுமா | கழற்ற | முடித்து முடுக்க | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| எல் / கிராஸ் ஸ்பானர் | தெரியாது. தராசு மாட்டினால் தெரியும் | சிரமம் | அவசரத்துக்கு | இல்லை |
| ஏர் கன் | தெரியாது | மிக எளிது | கூடாது | ரெகுலேட்டர், ஃபில்டர், காது, கை |
| பேட்டரி கன் | தெரியாது | எளிது | கூடாது | இம்பாக்ட் சாக்கெட், பேட்டரி |
| கன் + டார்க் ஸ்டிக் | தோராயமாக | ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு | ரெஞ்சுக்கு முன்னால் மட்டும் | கன்னுக்குப் பொருந்தும் செட் |
| டார்க் ரெஞ்ச் | தெரியும் | கூடாது | இதுதான் | காலிபரேஷன், கவனம் |

யாருக்கு எது

ஒரு கார், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சக்கரம் கழற்றுகிறீர்கள் என்றால் கன் வேண்டாம். இரண்டடி நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பார், சரியான சாக்கெட், ஒரு டார்க் ரெஞ்ச். நல்ல பேட்டரி கன்னின் விலை சாதாரண டார்க் ரெஞ்சைவிட அதிகம். டீச்சர் அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். நட்டு சரியான அளவில் இருந்தால் நீளமான பாரில் அவராலேயே கழற்ற முடியும். என் ஒர்க் ஷாப் வாசலிலேயே உட்கார்ந்து நாலையும் கழற்றிக் காட்டினார்.

கைவலி உள்ளவர்கள் முதலில் டார்க் ரெஞ்ச் வாங்கி, அப்புறம் சின்ன பேட்டரி கன் வாங்கலாம். வரிசை மாறக் கூடாது. கன் மட்டும் இருந்தால் முடுக்குவதற்கும் கை அதைத்தான் தேடும்.

புதிதாக ஒர்க் ஷாப் போடுகிறவர்களுக்கு: கம்ப்ரஸர் இருந்தால் ஏர் கன், இல்லையென்றால் பேட்டரி கன், எதுவானாலும் சுவரில் கண்ணுக்கு எதிரே இரண்டு டார்க் ரெஞ்ச் தொங்க வேண்டும். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஒன்று காலிபரேஷனுக்குப் போகும் வாரத்தில் வேலை நிற்காமல் இருக்க, முடிந்தால் பெரியதில் இன்னொன்று.

கன்னைப் பிடிக்கும்போது

சக்கரத்தை மாட்டும் முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். துரு நடுவில் சிக்கினால் இன்றைக்கு டைட்டாக இருப்பது நாளைக்கு லூஸ் ஆகும். ஒவ்வொரு நட்டையும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். முதல் மரையையே கன்னால் பிடித்தால், கோணலாக ஏறினாலும் கன்னுக்குத் தெரியாது, மரையை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். ஸ்டட்டுக்குக் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். கையேட்டின் அளவு பொதுவாகக் காய்ந்த மரைக்குச் சொன்னது. எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 103இல் ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக்கூட இழுபடலாம்.

சக்கரம் தூக்கியிருக்கும்போது கன்னைக் குறைந்த மோடில் வைத்து, எதிர் எதிராக, ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது போல, முட்டும் வரைக்கும் மட்டும் விடுங்கள். அடிக்கும் சத்தம் தொடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். வண்டியை இறக்கி டயர் தரையில் அழுந்தியபின் அதே வரிசையில் டார்க் ரெஞ்ச், முதலில் பாதி அளவில் ஒரு சுற்று, அப்புறம் முழு அளவில். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தொளதொளப்பான கையுறையும் துப்பட்டாவும் சாக்கெட்டில் சுற்றிக்கொள்ளும், இரண்டையும் ஒதுக்கிவிட்டுத்தான் டிரிக்கரைத் தொட வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரத்தை 50இலிருந்து 100 கிலோமீட்டர் ஓடியபின், சூடு ஆறியதும், ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

டயர் கடையில் சொல்லத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். வேலை தெரிந்தவரிடம் போய் நாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். "அண்ணா, கன்னுல முட்டற வரைக்கும் போதுங்கண்ணா, மீதிய ரெஞ்சுல போட்டுருங்க, நம்பர் 103" என்று, உங்கள் வண்டியின் எண்ணைப் போட்டு, முதல் நட்டு போடும் முன்பே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டீச்சர் அக்காவின் டிக்கி மூடியின் உட்பக்கம் அவர் வண்டிக்கான எண்ணைப் பெயின்ட் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டெப்னி எடுக்க யார் குனிந்தாலும் கண்ணில் படும்.